பருந்துமலைக் கணக்கு

வலசை போகும் பறவைகளைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். தம் வறுமை நிலையை மனைவிக்குச் சொல்லியனுப்பச் சத்திமுத்தப் புலவர் தேர்ந்துகொண்ட தூது, தென்குமரியில் நீராடி வடதிசை திரும்பும் செங்கால் நாரையாகும். பறவை பருவந்தோறும் ஒரே வழியில் போய் மீள்கிறது என்னும் அறிவு மக்களிடையே வேரூன்றியிராவிடில் அத்தகைய பாட்டுப் பிறந்திராது. ஆனால், நாரைக்குக் கிடைத்த அன்பு பருந்துக்குக் கிடைக்கவில்லை. உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்று அதன் உயரத்தை வியந்த அதே வாய், முற்றத்தின் மேல் அதன் நிழல் விழுந்தவுடன் கூச்சலிட்டுக் கோழிக்குஞ்சுகளைக் கூடைக்குள் ஒடுக்கியது. சிபிச் சோழன் கதையிலும் இரக்கத்துக்கு உரியது புறாவே. பருந்து தசை கேட்டு நிற்கும் பகையாகவே வருகிறது. மலாயாவின் தோட்டப்புற லயங்களில் நாலைந்து கோழி வளர்த்துப் பிழைத்த அன்னையர்க்கும் பருந்து என்றால் திருடன்தான்.

இக்கருத்து தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கல்வியறிவுடையோரும் இவ்வாறே எண்ணினர். வேட்டைப் பறவைகள் தீயவை, அவற்றைக் கொல்வது பொதுநலப் பணி என்று அரசாங்கங்களே நம்பின. அந்த நம்பிக்கை ஒரு மலையுச்சியில் எவ்வாறு தலைகீழாகத் திரும்பியது என்பதும், அங்கே ஒரு காவலாளி நாள்தோறும் குறித்து வைத்த எண்கள் முப்பது ஆண்டுகளுக்குள் எதற்குச் சான்றாயின என்பதும் வரலாற்று மாணவர் அறியத்தக்க செய்திகளாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் பென்சில்வேனியா மாநிலம் உள்ளது. அப்பலாச்சிய மலைகளின் ஒரு கிளையான கிட்டட்டினி மலைத்தொடர் அம்மாநிலத்தை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கடந்து செல்கிறது. கிட்டட்டினி என்பது அந்நிலத்தின் பழங்குடியினரான லெனாப்பே மக்களின் சொல். முடிவில்லாத மலை என்று அதற்குப் பொருள் கூறுவர். பெயருக்கேற்ப, வரைகோல் வைத்து இழுத்தாற்போல் பல நூறு கல் தொலைவுக்கு நீண்டு கிடக்கும் தொடர் அது. இலையுதிர் காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் குளிர்காற்று அம்மலையின் பக்கத்தில் மோதி, வேறு வழியின்றி மேல்நோக்கி எழும்பும். அவ்வாறு எழும்பும் காற்றின் மேல் இறக்கையை விரித்து வைத்தால் போதும். சிறகசைக்காமலே ஒரு பருந்து நாள் முழுதும் தெற்கு நோக்கி மிதந்து செல்லலாம். கனடாவின் காடுகளிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் குஞ்சு பொரித்த பறவைகள் குளிருக்கு அஞ்சித் தென்னாடு செல்லும்போது இம்மலையைத் தேடி வருவதன் காரணம் இதுவே. உழைப்பைச் சேமிக்கும் கலையில் பறவைக்கு நிகர் பறவையே.

அத்தொடரில் ஒரு முனையை ஆங்கிலத்தில் ஹாக் மவுண்டன் என்பர்; தமிழில் பருந்துமலை எனலாம். அங்கே ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில் மணற்பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும் ஓர் இடம் உண்டு. மரங்கள் மறைக்காத அப்பாறைகளின் மேல் நிற்பவர் முகத்துக்கு நேராகப் பருந்துகள் வரும். சில நேரங்களில் நிற்பவரின் காலடிக்குக் கீழேயும் பறந்து செல்லும். இந்த அண்மையே அவற்றின் உயிருக்கு உலை வைத்தது. நிலக்கரிச் சுரங்க ஊர்களிலிருந்து ஆடவர்கள் கூட்டங்கூட்டமாகத் துப்பாக்கியுடன் மலையேறினர். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குப் போல, வரும் பறவைகளை எல்லாம் சுட்டு வீழ்த்தினர். எவையும் உண்பதற்காகச் சுடப்படவில்லை. இறந்தவை கீழே காட்டில் கிடந்து அழுகின. இறகு முறிந்தவை நாட்கணக்கில் துடித்துச் செத்தன.

1929ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் வேட்டை விலங்கு ஆணையம் கோசாக் எனப்படும் பெரிய வல்லூறு ஒன்றின் தலைக்கு 5 வெள்ளி விலை வைத்தது. வேட்டைக்காரர் விரும்பிச் சுடும் காட்டுக்கோழிகளையும் முயல்களையும் அது தின்றுவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கி, சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து வாடிய காலத்தில் 5 வெள்ளி சிறுதொகையன்று. எனினும், அக்கொலைகளுக்கெல்லாம் பசியைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. கோசாக் அம்மலையில் அரிதாகவே தென்படுவது. சுடப்பட்டவற்றில் பெரும்பாலானவை பரிசுக்குரியவை அல்ல. எது எந்தப் பறவை என்று சுட்டவர்க்கே தெரியாது. அரசு ஒன்றைக் கொல்லச் சொன்னால், மக்கள் அதன் உறவுக்கூட்டத்தையே கொல்வர் என்பதற்கு அம்மலை ஒரு சான்று.

1932ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பிலடெல்பியாவிலிருந்து ரிச்சர்ட் போ என்னும் இளைஞர் அங்கே சென்றார். பறவைகளில் ஆர்வம் கொண்டவர். கையில் படக்கருவி வைத்திருந்தார். காட்டில் சிதறிக் கிடந்த பருந்துகளின் உடல்களைத் திரட்டி வரிசையாகக் கிடத்திப் படமெடுத்தார். அப்படங்களைக் கண்டோர் பலர் வருந்தினர். பறவைப் பாதுகாப்புக்கென அமைந்த பெரிய சங்கங்களும் வருந்தின. ஆனால், வருந்தியதோடு நின்றுவிட்டன. இரண்டு பருவங்கள் கழிந்தன; மலையில் வெடியோசை ஓயவில்லை.

அப்படங்களைக் கண்டவர்களுள் நியூயார்க் நகரத்து ரோசலி எட்ஜ் அம்மையாரும் ஒருவர். 1877இல் பிறந்தவர், பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் பயின்ற கையும் நாவும் உடையவர். மேடையில் எழுந்து வினாத் தொடுக்கவும், துண்டு வெளியீடுகள் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பவும், பெரிய மனிதர்களின் முகஞ்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் இருக்கவும் அப்போராட்டம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. 1929இல் அவர் அவசரப் பாதுகாப்புக் குழு என ஒன்றைத் தொடங்கினார். குழு என்று பெயரே தவிர, பெரும்பகுதி உழைப்பு அவருடையதே. புகழ்பெற்ற ஆடுபான் பறவைச் சங்கம், தன் சரணாலய நிலத்தில் விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிக்க இடங்கொடுத்துப் பணம் ஈட்டுவதை வெளிப்படுத்தி அச்சங்கத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவரும் அவரே.

1934ஆம் ஆண்டில் அந்த மலை விலைக்கு வருவதை அறிந்து அம்மையார் நேரில் சென்றார். ஏறத்தாழ 1,400 ஏக்கர் நிலம். ஏக்கர் இரண்டரை வெள்ளி வீதம் 3,500 வெள்ளி விலை. அவ்வளவு பணம் கையில் இல்லை. 500 வெள்ளிக்குக் குத்தகை எடுத்து, பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்கினார். சட்டம் பறவைகளைக் காக்கவில்லை. ஆனால், தன் நிலத்தில் பிறர் நுழையக் கூடாதென்று சொல்லும் உரிமை நிலக்காரர்க்கு உண்டு. பறவையைச் சுடாதே என்று சொல்ல முடியாத நாட்டில், என் பாறையில் ஏறாதே என்று சொல்ல முடிந்தது. அம்மையாரின் மதிநுட்பம் முழுவதும் இந்த ஒரு செயலில் அடங்கும். சங்கங்களால் இரண்டாண்டுகளில் முடியாததை, ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் ஒரு கோடைக்குள் முடித்தார். பின்னர் அந்நிலம் விலைக்கே வாங்கப்பட்டு, 1938இல் நிறுவப்பட்ட பருந்துமலைச் சரணாலயச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. வேட்டைப் பறவைகளுக்கென்றே உலகில் முதன்முதல் அமைந்த சரணாலயம் அதுவே.

நிலம் கிடைத்தது, காவல் வேண்டுமே? அதற்கு வந்தவர் மோரிஸ் பிரவுன். 1906இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பறவைகளைப் பார்த்துப் பார்த்தே தம்மைப் பயிற்றிக்கொண்டவர். அவருடன் மனைவி இர்மாவும் வந்தார். 1934 செப்டம்பரில் இருவரும் மலைக்கு வந்து, நுழையாதே என்னும் அறிவிப்புகளை மரந்தோறும் அறைந்தனர். துப்பாக்கியுடன் வந்தவர்கள் சினந்தனர், அச்சுறுத்தினர், வந்த வழியே திரும்பிப் போயினர். கணவர் மலையில் நிற்க, பாதை வாயிலில் நின்று வருவோரைத் தடுத்தவர் இர்மா அம்மையார். துப்பாக்கி ஏந்திய ஆடவர் கூட்டத்தின் முன் வெறுங்கையுடன் நின்ற அப்பெண்ணின் துணிவுக்கு வரலாற்று நூல்களில் கிடைத்த இடம் குறைவு. முதற்பருவத்திலேயே சுடுதல் நின்றது.

பிரவுனுக்கு இடப்பட்ட பணி காவல். காவல் என்பது பெரும்பாலும் காத்திருத்தல். வேட்டைக்காரர் வராத நேரத்தில் அவர் பாறைமேல் அமர்ந்து, கடந்து செல்லும் பறவைகளை எண்ணினார். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இனம், எத்தனை என்று குறித்து வைத்தார். காற்றின் திசையையும் வானத்தின் நிலையையும் அருகே எழுதினார். அந்த ஓர் இலையுதிர் காலத்தில் பல்லாயிரம் பறவைகள் அவருடைய ஏட்டில் இடம்பெற்றன. கிழக்கு அமெரிக்காவில் பொற்கழுகு ஏறக்குறைய இல்லை என்று அறிஞர் எழுதிவந்த காலம் அது. பிரவுன் அதே பாறையிலிருந்து பொற்கழுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லக் கண்டு எழுதினார். நூலகத்தில் இருந்தோர் முதலில் நம்பத் தயங்கினர். மலையேறி வந்தோர் நம்பினர்.

எண்ணுவது எளிய வேலையாகத் தோன்றும். அவ்வாறு எண்ணியவர் எண்ணிப் பார்த்தவர் அல்லர். பருந்து தொலைவில் ஒரு மிளகளவுப் புள்ளியாகத் தோன்றும். அது புள்ளியாக இருக்கும்போதே அதன் இனத்தைச் சொல்லக் கண் பழக வேண்டும். நிறம் பயன்படாது, தொலைவில் எல்லாம் கறுப்பு. இறக்கை அகன்றதா கூரியதா, வால் நீண்டதா குறுகியதா, சிறகடிப்பு எத்தனை முறைக்கு ஒருமுறை நிற்கிறது என்பனவே அடையாளங்கள். கழுகு இறக்கையைப் பலகைபோல் நேராக வைக்கும். வான்கோழி முகக் கழுகு சற்றே மேல்நோக்கி மடித்து, குடித்தவன் நடைபோல் தள்ளாடும். பார்ப்போர் பலர் இருக்கையில், எந்தப் புள்ளியை யார் காண்கிறார் என்னும் குழப்பம் எழாதிருக்க, எதிரே தெரியும் மலைமுகடுகளுக்கு ஒன்று, இரண்டு எனப் பெயரிட்டுள்ளனர். மூன்றுக்கு மேல் ஒன்று வருகிறது என்று ஒருவர் குரல் கொடுத்தால், எல்லாக் கண்களும் மூன்றாம் முகட்டுக்குத் திரும்பும்.

செப்டம்பர் நடுவில் அகன்ற இறக்கைப் பருந்துகள் வரும் நாட்களே எண்ணுவோர்க்குக் கடுஞ்சோதனை. இவை தனித்து வாரா. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றைக் கண்டுபிடித்து, நூற்றுக்கணக்கில் அதில் புகுந்து சுழன்று சுழன்று மேலேறும். கொதிக்கும் உலையில் அரிசி சுழல்வது போன்ற அக்காட்சியில் எதை எண்ணியது, எதை எண்ணவில்லை என்று யாராலும் கூற இயலாது. அனுபவசாலிகள் அப்போது எண்ணமாட்டார்கள், காத்திருப்பார்கள். உச்சிக்கு ஏறிய பறவைகள் சுழற்சியை விட்டு ஒற்றை வரிசையாகத் தெற்கே சறுக்கத் தொடங்கும். அப்போது மணியை நூலில் கோப்பதுபோல் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அகன்ற இறக்கையினம் போனபின், அக்டோபர் தொடக்கத்தில் சிறு வல்லூறுகளும் பைரிகளும், மாத இறுதி முதல் செவ்வால் பருந்துகளும், நவம்பரின் கடுங்குளிரில் பொற்கழுகுகளும் என ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு முறை உண்டு. ஆகஸ்டு 15 முதல் டிசம்பர் 15 வரை இக்கணக்கு இன்றும் நடைபெறுகிறது. ஒரு பருவத்தில் சராசரியாகப் பதினெண்ணாயிரம் அளவில் பறவைகள் எண்ணப்படுகின்றன. உலகில் இடையறாது மிக நீண்ட காலம் நடந்துவரும் வேட்டைப் பறவைக் கணக்கு இதுவே. இடையறாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு: இரண்டாம் உலகப் போரில் பிரவுன் கடற்படைக்குச் சென்றதால் 1943 முதல் 1945 வரை ஏட்டில் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

அந்த வெற்றுப் பக்கங்களின் காலத்தில்தான் உலகில் வேறொன்று நிகழ்ந்தது. டிடிடி என்னும் வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உடையதென 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார். போர்க்களங்களில் மலேரியாவையும் பேன்வழிக் காய்ச்சலையும் அது அடக்கியது. 1945இல் அமெரிக்காவில் பொதுமக்கள் வாங்கும் கடைச்சரக்காயிற்று. 1948இல் முல்லர் நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைத் தவறென்று கூறுவது நேர்மையாகாது. கொசுவால் மாண்டவர்களின் புதைமேடுகள் நிறைந்த மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு, வீட்டுச் சுவரில் அம்மருந்து அடிக்கப்பட்டதன் அருமை தெரியும். ஆனால், அமெரிக்காவில் அது சுவரோடு நிற்கவில்லை. வயல், காடு, சதுப்பு நிலம் எங்கும் வானூர்தியிலிருந்து மழைபோல் பொழியப்பட்டது. மழைநீரோடு ஆற்றுக்குச் சென்றது. புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதைத் தின்னும் வெண்டலைக் கழுகுக்கும் ஏறியது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடியது. கழுகு சாகவில்லை. அதன் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கியது.

இதைக் காடுகளில் கண்ணால் காண்பது அரிது. கழுகு நீண்ட ஆயுள் உடைய பறவை. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பிள்ளைப்பேறற்ற முதியவர்கள் மட்டும் வாழும் ஊர் வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றும். திண்ணைகளில் ஆட்கள் இருப்பர், விளக்கும் எரியும். கழுகுகளின் நிலையும் அதுவே. ஆண்டுதோறும் எத்தனை கழுகுகள் தென்பட்டன என்று மொத்தத்தைப் பார்த்தவர்க்கு ஆபத்து உடனே புலப்படாது. அவற்றுள் இளையவை எத்தனை என்று கேட்டவர்க்கே புலப்படும்.

பிரவுன் அதைக் கேட்டிருந்தார். கேட்டதோடு எழுதியும் வைத்திருந்தார். வெண்டலைக் கழுகு நான்கைந்து வயதில்தான் வெள்ளைத் தலை பெறும். அதற்கு முன் உடல் முழுதும் கருமை. எனவே தொலைவிலிருந்தே இளையதை முதியதிலிருந்து பிரித்தறியலாம். அவருடைய ஏட்டின்படி 1935 முதல் 1939 வரை கண்ட கழுகுகளில் 40 விழுக்காடு இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரை கண்டவற்றில் 20 விழுக்காடே இளம்பறவைகள். 1957ஆம் ஆண்டில் முதிய பறவை 32க்கு இளம்பறவை ஒன்றே.

இந்த எண்களை உலகறியச் செய்தவர் ரேச்சல் கார்சன். கடல் உயிரியல் கற்றவர். அரசாங்கத்தின் மீன், வனவிலங்குத் துறையில் பணியாற்றியவர். 1945ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் பருந்துமலைக்கு வந்து, குளிரில் அப்பாறைமேல் அமர்ந்து பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுதிச் சென்றார். அதே ஆண்டில், டிடிடி பற்றிய ஆய்வுகளைக் குறித்துக் கட்டுரை எழுதித் தருவதாக ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்கு அவர் எழுதிக் கேட்டதும், அவ்விதழ் அதில் நாட்டங்கொள்ளாததும் பின்னர் வெளிவந்த செய்திகள். அந்நாளில் இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், தம் நூலுக்குச் சான்று திரட்டியபோது, இளங்கழுகுகளைப் பற்றிக் கேட்டுப் பிரவுனுக்குக் கடிதம் எழுதினார். 1962இல் வெளியான 'மௌன வசந்தம்' என்னும் அந்நூலில் பருந்துமலையின் கணக்கு இடம்பெற்றது. புளோரிடாவில் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிட்டு வந்த சார்லஸ் புரோலியின் பட்டறிவும் உடன் இடம்பெற்றது. 1958இல் அவர் கடற்கரையில் 100 மைல் அலைந்தும் ஒரே ஒரு குஞ்சைத்தான் கண்டார். இருவரும் வேறுவேறு இடத்தில், வேறுவேறு முறையில், ஒருவரையொருவர் சாராமல் கண்ட உண்மை ஒன்றாயிருந்ததே அச்சான்றின் வலிமை.

இங்கே மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 1957இல் இளங்கழுகு குறைவு என்பது தனித்து நின்றால் செய்தியாகாது. குறைவு என்றால் எதைவிடக் குறைவு? இதற்கு விடையளித்தவை 1935ஆம் ஆண்டின் பக்கங்கள். டிடிடி வயலுக்கு வருமுன்பே, நஞ்சைப் பற்றிய நினைப்பே இல்லாத நாளில், காவலுக்கு வந்த ஒருவர் பொழுதை வீணாக்காமல் எழுதி வைத்த பக்கங்கள் அவை. ஆபத்து வந்தபின் எண்ணத் தொடங்கியிருந்தால் அவரிடம் ஒப்பிட எதுவும் இருந்திராது. அன்றைய வேதிப்பொருள் நிறுவனங்கள் கார்சனைப் பலவாறு இகழ்ந்தன. அவர் பெண் என்பதையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும், முப்பதுகளின் ஏட்டை ஐம்பதுகளில் யாரும் திருத்தி எழுத இயலாது.

முட்டையோடு மெலிந்ததற்கான நேர்ச்சான்று 1967இல்தான் வெளிவந்தது. பிரிட்டனின் டெரக் ராட்கிளிஃப், பழைய சேகரிப்புகளில் இருந்த பைரியின் முட்டையோடுகளை நிறுத்தும் அளந்தும் பார்த்து, நாற்பதுகளின் இறுதி முதல் அவை மெலிந்திருப்பதைக் காட்டினார். அமெரிக்க ஆய்வாளரும் அடுத்த ஆண்டிலேயே அதனை உறுதி செய்தனர். 1972இல் அமெரிக்கா டிடிடியின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. கார்சன் அதைக் காணவில்லை, 1964இலேயே மறைந்தார். எட்ஜ் அம்மையாரும் காணவில்லை. 'மௌன வசந்தம்' வெளிவந்த அதே 1962இன் நவம்பரில் அவர் காலமானார். 1966இல் மலைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிரவுன் 1979வரை வாழ்ந்தார்.

இக்கணக்கின் மேல் குறைகூறுவோரும் உளர். அவர்கள் கூறுவதில் நியாயமும் உண்டு. பாறைமேல் இருந்து எண்ணப்படுவது கடந்துசெல்லும் பறவைகளில் ஒரு பங்கே. காற்று கிழக்கிலிருந்து வீசினால் பறவைகள் வேறு வழி செல்லும். அன்றைய எண் வீழும். பார்ப்போர் தொகை கூடினால் எண்ணும் கூடும். ஆகவே ஓராண்டுக் கணக்கை வைத்து எதையும் முடிவு கட்டலாகாது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று நீளும்போதுதான் காற்றின் குறும்புகள் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு உண்மை வெளிப்படும். அதனால்தான் இத்தகைய பணிக்கு அறிவைவிடப் பொறுமை கூடுதலாகத் தேவைப்படுகிறது. 1974இல் வட அமெரிக்காவில் இக்கணக்கர்களின் சங்கம் தோன்றியது. மெக்சிகோவின் வெராகுரூசில், மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், ஒரே பருவத்தில் நாற்பது இலக்கத்துக்கும் மேற்பட்ட பறவைகள் எண்ணப்படுகின்றன.

இவை தொலைநாட்டுச் செய்திகள். மலாக்கா நீரிணையின் கரையிலும் இதே காட்சி நிகழ்கிறது என்பதை மலேசியத் தமிழர் பலர் அறியார். போர்ட்டிக்சனுக்கு அருகே தஞ்சோங் துவான் என்னும் நிலமுனை உள்ளது. போர்த்துக்கீசியர் அதனைக் காபோ ரச்சாடோ என்றனர். 1606இல் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் அம்முனைக்கு எதிரே கடலில் மோதிக்கொண்டதைப் பாட நூல்கள் சொல்லும். அக்கப்பல்களுக்கு மேலே காலங்காலமாகச் சென்றுவந்த பறவைகளைப் பற்றி அவை சொல்வதில்லை. நீருக்கு மேல் வெப்பக்காற்று எழாது. ஆதலின், மிதந்து செல்லும் பருந்து கடலை அஞ்சும். குறுகிய இடம் தேடியே கடக்கும். சுமாத்திராவை அடுத்த ரூப்பாட் தீவிலிருந்து இம்முனை நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவே. தெற்கே குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் மார்ச்சு மாதத்தில் அங்கிருந்து புறப்பட்டு, சிறகடித்துக் களைத்து, மரவுச்சியைத் தொடும் தாழ்வில் வந்து சேரும். கலங்கரை விளக்கத்தின் அருகே நிற்பவர் அவற்றின் கண்ணையே காணலாம். கரையேறியதும் நிலத்துச் சூடு அவற்றைத் தூக்கிவிடும். வட்டமிட்டு எழுந்து வடக்கே மறையும். குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் கலைத்துப் புழுவைத் தின்னும் இப்பருந்து யாருடைய கோழிக்குஞ்சுக்கும் பகையன்று. மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச்சு மாதத்தில் இதை ஒரு பொதுவிழாவாகவே நடத்தி, பல்லாயிரக்கணக்கில் பறவைகளை எண்ணி வந்துள்ளது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அங்கே அழைத்துச் செல்லப்பட்டால், செங்கால் நாரைப் பாட்டை விளக்க ஆசிரியர் மிகுந்த சொல் செலவிட நேராது.

பருந்துமலையின் ஏடுகளில் டிடிடி தடைக்குப்பின் வேறு கதை எழுதப்பட்டது. இளங்கழுகுகள் மெல்ல மெல்லத் திரும்பின. 1999இல் பைரியும், 2007இல் வெண்டலைக் கழுகும் அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இன்று ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கான வெண்டலைக் கழுகுகள் அப்பாறையைக் கடக்கின்றன. எல்லா இனங்களும் அவ்வாறு மீளவில்லை. அமெரிக்கச் சிறுவல்லூறு எனத்தக்க கெஸ்ட்ரல், ஆண்டுக்காண்டு குறைந்து வருவதை அதே ஏடு காட்டுகிறது. அதன் காரணம் டிடிடி போல ஒன்றாக இருக்குமா, பலவாக இருக்குமா என்று ஆய்வாளர் இன்னும் வாதிடுகின்றனர்.

கோசாக்கின் கதை இவற்றினும் வேறானது. 1937இல் பென்சில்வேனியா பெரும்பாலான பருந்தினங்களைச் சட்டத்தால் காத்தபோதும், கோசாக்கையும் அதன் நெருங்கிய உறவினங்கள் இரண்டையும் வெளியே விட்டுவிட்டது. அவற்றுக்கு முழுக் காப்புக் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன்பின்னும் அது பெருகவில்லை. பருந்துமலையில் அதன் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. 2021ஆம் ஆண்டில் பென்சில்வேனியா அதனை அழியும் நிலையிலுள்ள பறவை என அறிவித்தது. அறிவித்தது, 1929இல் அதன் தலைக்கு 5 வெள்ளி விலை வைத்த அதே ஆணையம்.